முதல் ஆக்‌ஷன் ஆர்பிஜி: விட்சர் 3 வாங்குவதா, எல்டன் ரிங் வாங்குவதா?

குமரி மாவட்டத்தில் முதன்முதலாக ஓர் ஆக்‌ஷன் ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரத்தை வளர்த்துக்கொண்டே நேரடியாகச் சண்டை போடும் கேம்) வாங்க நினைக்கிறவர்களின் கேள்வி பெரும்பாலும் இரண்டு பெயரில் வந்து நிற்கிறது. ஒன்று, போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் 2015 மே 19-இல் வெளியிட்ட ‘தி விட்சர் 3: வைல்டு ஹன்ட்’. இன்னொன்று, ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கி 2022 பிப்ரவரி 25-இல் வந்த ‘எல்டன் ரிங்’. இரண்டும் பெரிய கேம்கள், இரண்டும் பேர் வாங்கியவை. ஆனால் விளையாடுகிறவரிடம் இரண்டும் கேட்பது வேறு வேறு. எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். கரண்ட் போனால் என்ன ஆகும், அம்மா கூப்பிட்டால் பாதியில் எழுந்து போக முடியுமா, ஒரே எதிரியிடம் இருபது தடவை செத்தாலும் மறுபடி போகப் பொறுமை உண்டா, ஆங்கில வசனத்தை மணிக்கணக்கில் வாசிக்க மனம் உண்டா என்று கேட்டால் விடை சீக்கிரம் வந்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெரும்பாலானவர்களுக்கு முதலில் விட்சர் 3, அதை முடித்த பிறகு எல்டன் ரிங். சண்டை என்று மட்டும் பார்த்தால் எல்டன் ரிங்தான் உயர்ந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் விட்சர் 3 நிறுத்தினால் நிற்கும், பழைய மெஷினிலும் ஓடும், தப்பு செய்தால் திருத்திக்கொள்ள விடும். எல்டன் ரிங்கை முதலில் எடுக்கிறவர் கையில் மூன்று சாமான் இருக்க வேண்டும்: யூபிஎஸ், எஸ்எஸ்டி, ஸ்டிக் ட்ரிஃப்ட் (தொடாமலே ஸ்டிக் தானாக நகரும் கோளாறு) இல்லாத கண்ட்ரோலர். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தோற்கும்போது பிழை நம் கையிலா, சாமானிலா என்று தெரியாது. கற்றுக்கொள்ளவே வழியில்லாமல் போகும்.

சண்டை எப்படி இருக்கும்

விட்சர் 3-இல் ஸ்டாமினா (செலவழித்தால் குறைந்து, தானே நிரம்பும் தெம்பு) என்பது சைன் எனப்படும் ஐந்து மந்திரங்களுக்கானது. ஆர்டு தள்ளிவிடும், இக்னி எரிக்கும், குவென் மேலே ஒரு கவசம் போடும், ஆக்ஸி எதிரியை மயக்கும், யெர்டன் தரையில் பொறி வைக்கும். வாள் வீசவும் ஒதுங்கவும் ஸ்டாமினா செலவாகாது. அதனால் சண்டையின் தாளம் தளர்வாக இருக்கும். வேகமாக நாலு வெட்டு, ஒரு ஒதுங்கல், ஒரு சைன், மறுபடி வெட்டு. பழகுவதற்கு ஓரிரு மணி நேரம் போதும். அதுவேதான் அதன் குறையும். முப்பது மணி நேரம் கழிந்த பிறகும் அதே நாலு வெட்டு, அதே ஒதுங்கல். குவென் போட்டுவிட்டு வேகவெட்டு அடித்தால் பாதிக்கு மேற்பட்ட எதிரிகள் அப்படியே விழுந்துவிடுவார்கள்.

இதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு. கடினநிலை நான்கில் மூன்றாவதான ‘ப்ளட் அண்ட் ப்ரோக்கன் போன்ஸ்’ எடுங்கள். அதற்குக் கீழே உள்ள நிலைகளில் தியானத்தில் உட்கார்ந்து எழுந்தாலே உயிர் நிரம்பிவிடும். மூன்றாவதில் நிரம்பாது. சாப்பாடும் ஸ்வாலோ என்ற மருந்தும் அப்போதுதான் பொருள் பெறும். எதிரியின் வகை பார்த்து வாளில் எண்ணெய் பூசுவதும் அப்போதுதான் வழக்கமாகும். எந்த எதிரிக்கு எந்த எண்ணெய் என்பதை பெஸ்டியரி என்ற எதிரிகள் பற்றிய குறிப்பேட்டின் பக்கமே சொல்லும். புதியவர்கள் செய்யும் தவறு, மருந்தைத் தீர்ந்துவிடும் என்று பூட்டி வைப்பது. மருந்தையும் எண்ணெயையும் ஒருமுறை தயாரித்தால் போதும். கடுமையான மது ஒரு பாட்டில் பையில் இருந்தால், தியானம் செய்யும்போது காலியான மருந்தெல்லாம் மறுபடி நிரம்பும். ஆகவே அந்த மது பாட்டில்களை வியாபாரியிடம் விற்காதீர்கள், ஐந்தாறாவது எப்போதும் கையில் இருக்கட்டும்.

எல்டன் ரிங்கில் ஸ்டாமினா எல்லாவற்றுக்கும் செலவாகும். வெட்ட, உருள, சண்டையில் ஓட, கேடயத்தில் அடி வாங்க. பச்சைக் கோடு காலியானால் உருள முடியாது, உருள முடியாவிட்டால் அடி. முதல் பெரிய சுவரான மார்கிட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்டார்ம்வேல் கோட்டை வாசலில் நிற்பவன். அவன் தடியைத் தலைக்கு மேலே தூக்குவான். தூக்கியதும் நாம் உருள்வோம். ஆனால் அவன் அடிக்க மாட்டான், தூக்கிய நிலையிலேயே நிற்பான். நாம் உருண்டு எழுந்து நிமிரும் நேரம் பார்த்து இறக்குவான். உருளும்போது அடி படாத நேரம் அரை வினாடிக்கும் குறைவு. தூக்குவதைப் பார்த்து உருண்டால் சாவுதான். தடி இறங்கத் தொடங்கும் தோள் அசைவைப் பார்த்து உருள வேண்டும். பதற்றத்தில் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால், இரண்டாவது அழுத்தலும் வரிசையில் நின்று வேண்டாத உருளலாக வெளிவரும். ஒரு தடவை மட்டும் அழுத்தப் பழகுவதுதான் இந்த கேமின் முதல் பாடம்.

மார்கிட்டிடம் மாட்டிக்கொண்டவர்கள் மோதிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. பேட்சஸ் என்ற வியாபாரி 5,000 ரூனுக்கு (கேமுக்குள் பணமும் லெவல் ஏற்றும் புள்ளியும் அதுதான்) ‘மார்கிட்டின் விலங்கு’ என்ற பொருள் விற்கிறான். சண்டையின் முதல் பாதியில் மார்கிட்டைத் தரையோடு சில வினாடி கட்டிப்போட அது உதவும். அதைவிட நல்ல வழி, திரும்பிப் போய், தொடக்கப் பகுதியான லிம்கிரேவின் தெற்குப் பகுதியைச் சுற்றி வருவது. இந்த கேமில் கடினநிலை என்ற பட்டன் கிடையாது. ஆனால் உலகமே ஒரு கடினநிலைப் பட்டன். முடியாத இடத்தை விட்டுவிட்டு வேறு பக்கம் போய் வலுத்து வரலாம். ஆவிகளைத் துணைக்கு அழைக்கும் வசதியும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது குறைச்சல் என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம். கேமின் அளவுகள் அந்த வசதியையும் கணக்கில் வைத்தே போடப்பட்டிருக்கின்றன.

குறை என்னவென்றால், கடைசி மூன்றில் ஒரு பங்கு. பனிமலைப் பகுதிக்குப் பிறகு எதிரிகளின் அடி திடீரென ஏறும், முன்பு பார்த்த பாஸ்களே (பெரிய எதிரிகளே) வேறு பெயரில் மறுபடி வருவார்கள். சுரங்கக் கல்லறைகள் ஒன்றைப் போல இன்னொன்று. முதல் நாற்பது மணி நேரத்தின் வியப்பு அங்கே இல்லை.

கரண்ட் போகும் ஊரில் சேவ் என்பது பெரிய விஷயம்

குமரிக்கு இரண்டு பருவமழையும் உண்டு. நடுவே ஏப்ரல், மே மாலைகளில் இடிமழை. குலசேகரம் பக்கம் ரப்பர் கிளை, மற்ற இடங்களில் தென்னை மட்டை, ஏதாவது ஒன்று கம்பியில் விழுந்தால் லைன் போய்விடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அத்தனை பெரிதாக ஒன்றும் நடக்க வேண்டாம். அரை வினாடி வோல்டேஜ் இறங்கினாலே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

விட்சர் 3-இல் சண்டையும் வசனக் காட்சியும் இல்லாத நேரமெல்லாம் நாமே சேவ் செய்யலாம். கம்ப்யூட்டரில் எஃப் 5 அழுத்தினால் போதும். ஒவ்வொரு சேவும் தனித்தனி கோப்பு. ஒன்று கெட்டால் முந்தியது இருக்கும், போவது பத்து நிமிட விளையாட்டு. சண்டை நடுவிலும் நிறுத்தி வைக்கலாம். அடுப்பில் பால் பொங்கினாலும், வாசலில் ஆள் வந்தாலும் எழுந்து போகலாம்.

எல்டன் ரிங்கில் நிறுத்தி வைக்கும் வசதி என்று வெளிப்படையாக ஒன்று இல்லை. மெனுவைத் திறந்தாலும் உலகம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சேவை கேம் தானே செய்துகொண்டே இருக்கும், நமக்கு அதில் கை இல்லை. கம்ப்யூட்டர் பதிப்பில் பத்து கேரக்டர் வரை வைக்கலாம், ஆனால் பத்துக்கும் சேர்த்து ஒரே சேவ் கோப்பு. பக்கத்தில் ஒரு நகல் கோப்பும் இருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த ஒரே கோப்பு கெட வாய்ப்பு உண்டு. இதற்கு வழி எளிது. விண்டோஸின் ஆப்டேட்டாவுக்குள் ரோமிங் என்ற ஃபோல்டர், அதற்குள் எல்டன் ரிங் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை, கேமை மூடிய பிறகு, அதை அப்படியே பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். எண்பது மணி நேர உழைப்புக்கு அரை நிமிட வேலை.

எழுந்து போக வேண்டியிருந்தால் மெனுவிலிருந்து முறையாக வெளியேறுங்கள். பாஸ் சண்டை நடுவிலும் வெளியேறலாம். திரும்பி வரும்போது, பாஸ் இடத்தின் நுழைவான மூடுபனி வாசலுக்கு வெளியே நிற்பீர்கள், சண்டை முதலிலிருந்து தொடங்கும், கையிலுள்ள ரூன் போகாது. இது தெரியாமல் கண்ட்ரோலரை அப்படியே வைத்துவிட்டு ஓடி, செத்து, ரூன் இழந்தவர்கள் நிறைய. செத்த இடத்தில் ரூன் கிடக்கும், ஒருமுறை போய் எடுக்கலாம். போகிற வழியில் மறுபடி செத்தால் அது நிரந்தரமாகப் போச்சு.

யூபிஎஸ் விஷயத்தில் ஒரு சொல். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். பல இன்வெர்ட்டர்களில் யூபிஎஸ் மோட், சாதா மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதா மோடில் மாறும் நேரம் ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. அது யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் நல்ல எஸ்எம்பிஎஸ் உள்ள கம்ப்யூட்டரை அதில் மாட்டாமல் இருப்பது மேல். தனி 600 விஏ யூபிஎஸ் போட்டால் 250 வாட் இழுக்கும் கேமிங் கம்ப்யூட்டருக்கு ஒரு சில நிமிடம்தான் தாங்கும். அது தொடர்ந்து விளையாட அல்ல, முறையாக வெளியேறி ஷட்டவுன் செய்யத்தான். பேட்டரி பழசாகிவிட்டால் அந்த நிமிடங்களும் கிடைக்காது. இரண்டு வருடம் தாண்டிய பேட்டரியை ஒருநாள் பிளக்கை உருவிப் பார்த்துச் சோதியுங்கள், கேம் ஓடாத நேரத்தில்.

மெஷின்

விட்சர் 3-க்கு ஜிடிஎக்ஸ் 660 கார்டும் 6 ஜிபி ரேமும் குறைந்தபட்சம். எல்டன் ரிங்குக்கு ஜிடிஎக்ஸ் 1060 3 ஜிபி அல்லது ஆர்எக்ஸ் 580 4 ஜிபி, ரேம் 12 ஜிபி. செகண்ட் ஹேண்டில் கிடைக்கும் 1050 டிஐ கார்டும் 8 ஜிபி ரேமும் உள்ள மெஷினில் விட்சர் 3 நன்றாகவே ஓடும். அதே மெஷினில் எல்டன் ரிங் ஓடும், ஆனால் புது இடம் திறக்கும்போதெல்லாம் திக்கித் திக்கி நிற்கும். மேலே சொன்ன அரை வினாடிக் கணக்கை நினைத்துப் பாருங்கள். அந்தத் திக்கல் நடுவில் வந்தால் உருளல் தப்பிவிடும். கார்டை மாற்றப் பணம் இல்லாவிட்டால் ரேமையாவது 16 ஜிபி ஆக்குங்கள், பலன் அதில்தான் முதலில் தெரியும்.

விட்சர் 3-க்கு 2022 டிசம்பர் 14-இல் 4.0 அப்டேட் வந்தது. படம் அழகானது, ஆனால் டிஎக்ஸ் 12 பதிப்பு பழைய ப்ராசஸரை நெரிக்கும். கேமைத் திறக்கும்போது டிஎக்ஸ் 11 தேர்ந்தெடுங்கள். அதிலும் இழுத்தால், ஸ்டீமில் பீட்டா பட்டியலில் 1.32 என்ற பழைய பதிப்பு கிடைக்கும், அதற்கு மாறலாம்.

ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா என்பது விட்சருக்கு வசதிப் பிரச்சினை, எல்டன் ரிங்குக்கு மனப் பிரச்சினை. ஒவ்வொரு சாவுக்குப் பிறகும் லோடிங். ஹார்ட் டிஸ்க்கில் அந்தக் காத்திருப்பு நீளும். ஒரு மாலையில் முப்பது தடவை சாகும்போது அதுவே ஆளைச் சோர வைத்துவிடும்.

குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோர ஊர்களில் இன்னொன்றும் சேரும். உப்புக்காற்று ஹீட்சிங்க் தகடுகளிலும் ரேம் கால்களிலும் படியும். கடல் பார்த்த ஜன்னல் ஓரத்தில் கேபினட் வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள். சூடு ஏறினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு இழுக்கிறது என்றால் கேமைக் குறை சொல்லும் முன் தூசியைப் பாருங்கள்.

டவுன்லோடு: விட்சர் 3-க்கு 50 ஜிபி, எல்டன் ரிங்குக்கு 60 ஜிபி இடம் வேண்டும். 60 ஜிபி முழுவதும் இறக்க, 40 எம்பிபிஎஸ் ஃபைபரில் மூன்று மணி இருபது நிமிடம். நாளுக்கு 1.5 ஜிபி தரும் மொபைல் டேட்டாவில் நாற்பது நாள். ஃபைபர் இல்லாத மலையோர வீடுகளில் இது முடிவையே மாற்றும் கணக்கு. விட்சர் 3-ஐ ஜிஓஜி கடையில் வாங்கினால் இன்ஸ்டாலர் கோப்பையே வெளி டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொள்ளலாம், மறுபடி இறக்க வேண்டாம், விளையாட நெட்டும் வேண்டாம். எல்டன் ரிங்கையும் நெட் இல்லாமல் விளையாடலாம், ஆனால் பிறர் தரையில் எழுதிவைத்த குறிப்புகளும் துணைக்கு ஆள் அழைப்பதும் இருக்காது.

கதையும் வேலைகளும்

இங்கே விட்சர் 3-க்கு நிகர் குறைவு. தொடக்க ஊரான வைட் ஆர்ச்சர்டிலேயே ஒரு வேலை (குவெஸ்ட்) வரும். ஒரு பாழடைந்த ஊரின் கிணற்றடியில் உச்சிவெயிலில் ஒரு பெண் பேய் அலைகிறது. ஊரார் தண்ணீர் எடுக்க முடியவில்லை. நாம் ஆடும் நாயகன் கெரால்ட் அங்கே கிடக்கும் பழைய நாட்குறிப்பை வாசித்து, கிணற்றுக்குள் தொங்கும் உடலைக் கண்டு, அடியில் முங்கி அவளுடைய கைவளையை எடுத்து வர வேண்டும். கொல்லப்பட்டவள் அவள். உடலையும் வளையையும் சேர்த்து எரித்தால்தான் அவளை எதிர்கொள்ளவே முடியும். சண்டையில் யெர்டன் வட்டத்துக்குள் வந்தால் அவளுக்கு உருவம் திடமாகும், வெளியே வெட்டினால் வாள் புகையில் போவது போலத்தான். உச்சிவேளையில் கிணற்றடிக்குப் போகாதே என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கும், முப்பந்தல் இசக்கி கதை தெரிந்தவர்களுக்கும் இந்தக் கதை அந்நியமாக இருக்காது. அநியாயமாகச் செத்தவளின் கோபம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். ஒரு சிறு வேலைக்குள் இத்தனை வைத்திருக்கிறார்கள். வெலன் பகுதியின் ப்ளடி பாரன் கதை இன்னும் ஆழமானது. அதில் நல்ல முடிவு என்று ஒன்று கிடையாது, எதைத் தேர்ந்தாலும் ஒருவருக்கு வலிக்கும்.

ஆனால் அத்தனையும் ஆங்கில வசனம். இரண்டு கேமிலும் தமிழ் சப்டைட்டில் கிடையாது. விட்சர் 3-இல் வசனம் புரியாவிட்டால் பாதி கேம் போச்சு. 4.0 அப்டேட்டில் சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும், காட்சி நடுவில் நிறுத்தும் வசதியும் வந்தன. மெதுவாக வாசிக்கிறவர்கள் இரண்டையும் பயன்படுத்துங்கள். எல்டன் ரிங்கில் வசனம் மிகக் குறைவு. கதை பொருள்களின் குறிப்புகளிலும் இடிபாடுகளிலும் சிதறிக் கிடக்கும். பின்னணி வரலாற்றுக்கு ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் பங்களித்திருக்கிறார். ஆங்கிலம் தடுமாறுகிறவருக்கு எல்டன் ரிங் எளிது என்று சொன்னால் விசித்திரமாகத் தோன்றலாம். உண்மை அதுதான்.

எல்டன் ரிங்கில் வேலைப் பட்டியல் கிடையாது. யார் என்ன கேட்டார் என்று நாமே ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். மூன்று வாரம் விட்டுவிட்டுத் திரும்பினால் எங்கே நின்றோம் என்றே தெரியாது. பரீட்சை, வேலை மாற்றம், திருவிழா என்று விட்டு விட்டு விளையாடுகிறவருக்கு இது பெரிய குறை. விட்சர் 3-இல் ஜர்னல் எல்லாவற்றையும் வைத்திருக்கும்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விட்சர் 3 ஐரோப்பிய மதிப்பீட்டில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. கேம் தொடங்கிய சில நிமிடத்திலேயே ஆடையில்லாத காட்சி வரும், நடுவிலும் வரும். பிளேஸ்டேஷன் ஹாலில் உள்ள பொது டிவியில் மாட்டியிருக்கும் வீடுகளில், சின்னப் பிள்ளைகள் சுற்றி வரும் வீடுகளில், இதைக் கணக்கில் எடுக்காமல் வாங்க வேண்டாம். எல்டன் ரிங் 16 வயது மதிப்பீடு. ரத்தமும் அருவருப்பான உருவங்களும் உண்டு, ஆனால் ஹாலில் வைத்து விளையாடத் தயக்கம் வராது.

வளர்ச்சிக் கணக்கு

விட்சர் 3-இல் ஒரு வேலையின் லெவலைவிட நீங்கள் ஆறு லெவல் மேலே போய்விட்டால் அது சாம்பல் நிறமாகும், அனுபவப் புள்ளி ஏறக்குறைய ஒன்றுமில்லை. எல்லாச் சிறு வேலையையும் முதலில் முடிக்கிறேன் என்று உட்கார்ந்தால் முக்கியக் கதை சப்பென்று போய்விடும். பச்சை நிறத்தில் உள்ளதை எடுத்து, இடையிடையே முக்கியக் கதையை நகர்த்துவதே சரி. வரைபடத்தில் ஸ்கெல்லிகே தீவுகளின் கடலில் தெரியும் கேள்விக்குறிகளை விட்டுவிடுங்கள். படகில் போய், முங்கி, பெட்டி திறந்தால் விற்பதற்குச் சாமான் கிடைக்கும், வேறொன்றும் இல்லை. வழியில் கிடைக்கும் வாள்கள் ஓரிரு லெவலில் பழசாகிவிடும். அவற்றைத் தேடி அலையாமல் க்ரிஃபின், கேட், பேர் பள்ளி உடைகளின் வரைபடங்களைத் தேடிச் செய்து கொள்வது நல்லது. திறன் புள்ளிகளைத் தப்பாகப் போட்டுவிட்டால் ஒரு மருந்து குடித்து எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம்.

எல்டன் ரிங்கில் புதியவரைக் கொல்வது மூன்று தப்பு. முதலாவது, உயிரளவான விகரில் புள்ளி போடாமல் வலிமையிலேயே கொட்டுவது. ஸ்டார்ம்வேலுக்குள் நுழையும்போது 20, நடுப்பகுதியில் 40, கடைசியில் 60 என்று விகர் இருக்கட்டும். இரண்டாவது, கனமான கவசம். சுமை 70 சதவீதத்தைத் தாண்டினால் உருளல் மந்தமாகிவிடும். கவசம் தடுக்கும் அடியைவிட மந்தமான உருளல் வாங்கித் தரும் அடி அதிகம். மூன்றாவது, ஆயுதத்தை மேம்படுத்தாமல் லெவல் மட்டும் ஏற்றுவது. சாதாரண ஆயுதம் +25 வரை போகும். மேம்படுத்தக் கல் வேண்டும். ஒவ்வொரு வகைக் கல்லிலும் மூன்று படி, 2, 4, 6 என்று பன்னிரண்டு கல். எட்டு வகைக்கும் 96 கல், கடைசிப் படிக்கு ஒரு பழங்கால டிராகன் கல். சோம்பர் (தனிக் கல்லால் மேம்படும் சிறப்பு) வகை ஆயுதத்துக்கு +10 தான், படிக்கு ஒரே கல். கல் தேடி அலைய நேரமில்லாதவர் நல்ல சோம்பர் ஆயுதம் ஒன்றைப் பிடித்துக்கொள்வது சிக்கனம். தொடக்கத்தில் உள்ள சர்ச் ஆஃப் எல்லேயின் பட்டறையில் +3 வரை அடித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் ரவுண்ட்டேபிள் ஹோல்டின் கொல்லரிடம் போக வேண்டும். தொடங்கும்போது தேர்ந்தெடுக்கும் கேரக்டர் வகைகளில் வேகபாண்ட் அல்லது சாமுராய் நல்லது. தொடக்கக் குகையை விட்டு வெளியே வந்ததும் தங்கக் குதிரையில் ஒருவன் உலாவுவான். அவனிடம் இப்போது போகாதீர்கள், சுற்றி வழி உண்டு. புள்ளிகளை மாற்ற, ரென்னாலா என்ற பாஸை வென்ற பிறகு, லார்வல் டியர் என்ற பொருள் ஒன்றைக் கொடுத்துச் செய்யலாம். அது எண்ணிக்கையில் குறைவாகவே கிடைக்கும்.

கூடுதல் பாகங்கள்: விட்சரின் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனும் ப்ளட் அண்ட் வைனும் சேர்ந்த முழுப் பதிப்பையே வாங்குங்கள், தள்ளுபடி நாள்களில் மிகவும் மலிவாகவே வரும். எல்டன் ரிங்கின் ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ 2024 ஜூன் 21-இல் வந்தது. ரடான், மோக் என்ற இரண்டு பாஸ்களையும் வீழ்த்தாமல் அதற்குள் நுழையவே முடியாது. முதல் நாளே அதற்குப் பணம் கொடுக்க அவசியமில்லை.

மற்ற மூன்று பெயர்கள்

பாத் ஆஃப் எக்ஸைல் இலவசம், ஆழத்தில் இவை இரண்டையும் மிஞ்சும். ஆனால் எப்போதும் நெட் வேண்டும். திறன் மரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கணுக்கள், தப்பாகக் கட்டிய கேரக்டரை நடுவழியில் கைவிட நேரிடும். பிந்தைய பகுதியில் ஒரு சாவுக்கு அனுபவப் புள்ளியில் 10 சதவீதம் போகும், நெட் துண்டித்து வந்த சாவாக இருந்தாலும். முதல் கேமாக வேண்டாம்.

டையாப்லோ 4 அடித்து நொறுக்கும் சுகத்தில் அருமை, அரை மணி நேரம் கிடைத்தாலும் விளையாடலாம். தனியாக விளையாடவும் நெட் கட்டாயம். சீசன் தோறும் புதுக் கேரக்டரில் தொடங்கும் வழக்கம் பிடித்தால் மட்டும் வாங்குங்கள்.

கென்ஷின் இம்பாக்ட் போனில் ஓடும், இலவசம், படம் அழகு. பணம் போகும் வழியைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். விரும்பிய ஐந்து நட்சத்திரக் கேரக்டர் கட்டாயம் கிடைக்க, மோசமான நிலையில் 180 இழுப்பு (குலுக்கல் முறையில் ஒரு முயற்சி) ஆகலாம். இழுப்புக்கு 160 ப்ரைமோஜெம் (கேமுக்குள் செலவாகும் பணம்), ஆக 28,800. வீட்டுப் பிள்ளையின் போனில் அப்பாவின் கார்டு சேர்ந்திருந்தால் அதை முதலில் நீக்குங்கள்.

டிஸ்க்கும் ரீஃபண்டும்

வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வரும் பிளேஸ்டேஷன் டிஸ்க் இங்கே ஓடும். சிக்கல் கூடுதல் பாகத்தில் வரும். டிஸ்க் எந்தப் பகுதிக்கானதோ, அந்தப் பகுதியின் கணக்கில் வாங்கிய கூடுதல் பாகம்தான் அதோடு சேரும். இந்தியக் கணக்கில் பணம் கட்டி வாங்கிய எர்ட்ட்ரீ, வேறு பகுதி டிஸ்க்கில் தெரியாமலே போகலாம். வாங்கும் முன் டிஸ்க் முதுகில் உள்ள சியூஎஸ்ஏ (CUSA) என்று தொடங்கும் எண்ணை, கடைப் பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விட்சருக்கு இரண்டு கூடுதல் பாகமும் சேர்ந்த டிஸ்க்காகவே கேட்டு வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை. பிஎஸ் 5 வைத்திருப்பவர்கள் எல்டன் ரிங்கின் பிஎஸ் 4 டிஸ்க்கைப் போட்டு, இலவச பிஎஸ் 5 பதிப்புக்கு மாறாமல் பிஎஸ் 4 பதிப்பையே ஓட்டிப் பாருங்கள். படம் கொஞ்சம் எளிமையாக இருக்கும், ஆனால் வேகம் வினாடிக்கு 60 ஃப்ரேமை ஒட்டியே நிற்கும்.

ஸ்டீமில் வாங்கினால் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடு தொடங்கிவிட்டாலே அந்த வாய்ப்பு போய்விடும். அதனால் கம்ப்யூட்டர்காரர்கள் அந்த இரண்டு மணி நேரத்தைத் திட்டமிட்டுச் செலவழியுங்கள். செட்டிங்கில் நாற்பது நிமிடம் போக்கினால் அதுவும் கணக்கில் சேரும். விட்சர் 3 என்றால் தொடக்கப் பாடத்தைத் தவிர்த்துவிட்டு நேரே வைட் ஆர்ச்சர்டுக்குப் போய், அந்தக் கிணற்றடி வேலையை முடியுங்கள். வசனம் சலிப்புத் தட்டியதா, கதையில் மனம் நின்றதா என்பது அதில் தெரிந்துவிடும். எல்டன் ரிங் என்றால் லிம்கிரேவின் கேட்ஃப்ரன்ட் இடிபாடு முகாமுக்குப் போய், காவலர்களை ஒவ்வொருவராகப் பிரித்து அடித்துப் பாருங்கள். கூட்டமாக வந்து கொன்றபோது கண்ட்ரோலரை வீசத் தோன்றியதா, வேறு வழியில் நுழைந்து பார்க்கலாம் என்று தோன்றியதா? முதலாவது என்றால் ஒன்றரை மணி நேரத்திலேயே ரீஃபண்ட் போட்டு, அந்தப் பணத்தை விட்சரின் முழுப் பதிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.